பழைய வேலி ஓலை

பழைய வேலி ஓலையை வீணாக்குகிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை, டொக்டர் ஐயா. கோப்பாயில் யாரும் அதை எறிவதில்லை. புகையிலைத் தோட்டத்தில் புதைத்தால் நல்ல பசளை. இந்த முறை கொஞ்சம் பிந்திப் புதைத்தேன், அவ்வளவுதான்.

என் அண்ணை செல்வரட்ணத்துக்கு எண்பத்தெட்டில் லண்டனில் ஈரல் மாற்றினார்கள். தொண்ணூறில் ஊர் பார்க்க வந்தவர், சண்டை தொடங்கியதும் திரும்ப முடியாமல் நின்றுவிட்டார். புது ஈரலை உடம்பு தள்ளிவிடாமலிருக்க நாளும் மருந்துக் குளிசை. அது உடம்பின் காவலையே கட்டிப்போடும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். ஆகவே கொதித்தாறின தண்ணீர், தனிக் கோப்பை, தூசி ஆகாது, பூஞ்சணம் கிட்டவும் வரக்கூடாது. இரண்டு வருடம் ஒரு குறை வைக்காமல் பார்த்தேன். எனக்கு வயது முப்பத்தாறு. நெல்லியடி வாத்தியார் ஒருவர் என்னைப் பெண் கேட்டு வந்தபோது அண்ணைதான் பதில் சொன்னார்.

"பத்மாசினி போனால் என்னை ஆர் பாக்கிறது? நான் சுகமாகட்டும், பிறகு கதைப்பம்."

சுகமாகிற வருத்தமா அது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்துத்தான் அனுப்பினேன்.

புரட்டாதியில் வேலி பிரித்தோம். அடி உக்கிப் பூஞ்சணம் பூத்த ஓலைகளை அண்ணையின் யன்னலுக்குக் கீழே அடுக்கச் சொன்னேன். காலையில் ஒவ்வொன்றாக எடுத்து உதறுவேன். கறையான் போகவேண்டுமே.

"பத்மா, தூசி உள்ளுக்கை வருது."

"ஓம் அண்ணை, இந்தா முடியுது."

முடிய ஒரு மாதம் எடுத்தது.

பிறகு காய்ச்சல், இருமல். நீங்கள் படம் எடுத்துப் பார்த்து, சுவாசப்பையில் பங்கசு, அதாவது பூஞ்சணம், என்றீர்கள். மருந்து கொழும்பிலிருந்து செஞ்சிலுவைக் கப்பலில்தான் வரவேண்டும் என்று கடிதம் எழுதி என் கையில் தந்தீர்கள். அந்தக் கடிதம் எங்கே என்றுதானே இப்போது கேட்கிறீர்கள்? அடுப்பில் வைத்தேன். கப்பல் வந்துவிட்டதா என்று அண்ணை பதினொரு நாள் கேட்டுக்கொண்டே கிடந்தார். செத்தவீட்டில் எல்லாரும், மருந்தை வரவிடாத அரசாங்கத்தின் பொருளாதாரத் தடையைத் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன்.

நான்தான் கொன்றேன். எனக்கும் ஒரு கலியாணம், ஒரு வீடு வேண்டியிருந்தது, வேறொன்றுமில்லை. நெல்லியடி வாத்தியாருக்கு ஆவணியிலேயே, நாங்கள் வேலி பிரிக்க ஒரு மாதம் இருக்கும்போதே, வேறிடத்தில் கலியாணம் முடிந்துவிட்டது. பலகாரம் எங்களுக்கும் அனுப்பியிருந்தார்கள். அண்ணைக்கு வெளிச் சாப்பாடு ஆகாது என்று நானே எல்லாவற்றையும் தின்று முடித்தேன்.