மண்ணெண்ணெய்த் தட்டல்

என் தம்பி அழகையா என்னிடம் கடைசியாகக் கேட்டது, சவர்க்காரம் எங்கே என்பதுதான். ஜன்னல் கட்டையில் இருக்கிறது என்று சொன்னேன். அவன் கராஜுக்கு முன்னால் இருந்த பைப்படிக்குக் கை கழுவப் போனான். நான் ஒரு லொறிக்கு அடியில் மல்லாந்து படுத்து நட்டுகளை இறுக்கிக்கொண்டிருந்தேன். எண்பத்தொன்பதாம் வருஷம், ஐப்பசி மாதம், மழை விட்டிருந்த ஒரு புதன்கிழமை மாலை.

ஒரு டீசல் கார் வந்து நின்றது. எஞ்சினை அணைக்கவில்லை. கதவுகள் திறந்தன. சிங்களத்தில் அவன் பெயரைக் கேட்டார்கள், அவன் சொன்னான். பிறகு "அண்ணே" என்று ஒரு தடவை கூப்பிட்டான். சத்தம் போட்டுக்கூட அல்ல, ஏதாவது எடுத்துத் தரச் சொல்லுகிற மாதிரிதான். கதவுகள் மூடின. கார் போய்விட்டது.

லொறிக்கு அடியில் கிடப்பவன் நினைத்தவுடன் எழுந்து வர முடியாது. தொழில் தெரிந்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். ஆகவே அந்த நேரத்தில் என்னால் செய்ய முடிந்ததைச் செய்தேன். கவனமாகக் கேட்டேன். அந்த எஞ்சின் தட்டியது. இரும்பின் மேல் இரும்பு படுகிற தட்டல். அதை மனதில் வாங்கிக்கொண்டேன்.

இராணுவமும் கிளர்ச்சிக்காரர்களும் மோதிக்கொண்டிருந்த அந்த வருஷம் எங்கள் மாத்தளையில் ஆட்களை இப்படித்தான் கொண்டுபோனார்கள். யார் கொண்டுபோனார்கள் என்று விசாரிப்பவனையும் கொண்டுபோனார்கள். அழகையா எந்தப் பக்கத்திலும் இல்லாதவன். என்னோடு கராஜில் நின்றான், ஞாயிற்றுக்கிழமைகளில் கரப்பந்து விளையாடினான், அவ்வளவுதான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவன் மனைவி புஷ்பவதி வயிற்றுப்பிள்ளைக்காரி.

அவள் என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டாள். "நீங்க அங்கதான இருந்தீங்க அத்தான்? வெளிய வரலையா?"

"லொறிக்கு அடியில இருந்தேம்மா" என்றேன்.

மறுநாள் அவள் தாய் பாப்பம்மா வந்து அவளை மலை மேலிருக்கிற எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போக வேண்டியவள்தானே, கொஞ்சம் முன்னாலேயே போனாள் என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் அவளைப் போய்ப் பார்க்கவில்லை. வேலை இருந்தது.

வேலை என்றால், கேட்பது. கராஜ் வாசலில் உட்கார்ந்து போகிற வருகிற டீசல் வண்டிகளையெல்லாம் கேட்டேன். தெரிந்தவர்களின் வண்டிகளையும் கேட்டேன். தெரிந்தவர்களின் வண்டிகளைத்தான் கூடுதலாகக் கேட்டேன். அழகையா எந்த நேரத்தில் எங்கே நிற்பான் என்று தெரிந்து வந்திருக்கிறார்கள். யாரோ காட்டிக் கொடுக்காமல் அது நடக்காது.

ஜமால்தீன் எங்கள் ஊரில் ஹயருக்கு, அதாவது வாடகைக்கு, கார் ஓட்டுகிறவர். என்னை விட மூத்தவர், நானா என்று கூப்பிடுவேன். அவருடையது பழைய இங்கிலீஷ் கார். அதன் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றிக் கொடுத்தது நான்தான். கார்த்திகை பிறந்த சமயம், பஸ்ஸில் போகும்போது, அந்தக் கார் இராணுவ முகாம் வாசலில் நிற்பதைப் பார்த்தேன். ஜமால்தீன் இறங்கி, காவலுக்கு நின்றவனிடம் குனிந்து பேசிக்கொண்டிருந்தார்.

சில நாட்களில் அவரே காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"மாரிமுத்து, இவ வயித்துக்குள்ள எவனோ இருந்துகிட்டு கதவத் தட்டுறான். ஒருக்கா காது வெச்சுப் பாருங்க."

"எப்பயிருந்து நானா?"

"முந்தாநாள்லேருந்து."

இரண்டு நாளில் இப்படித் தட்டுகிற எஞ்சின் கிடையாது. அவர் பொய் சொல்கிறார் என்று முடிவு செய்தேன். அந்தப் புதன்கிழமை எங்கே போயிருந்தீர்கள் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். மரக்கறி முதலாளி ஒருவரைத் தம்புள்ளைக்குக் கொண்டுபோனதாகச் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார். முகாம் பக்கம் ஹயர் ஏதும் கிடைக்கிறதா என்று கேட்டேன்.

"அந்தப் பக்கம் எவன் போவான்" என்று சிரித்தார். அது நல்ல சிரிப்பாக இல்லை.

நான் என் வேலையைப் பார்த்தேன். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் போகிற குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். எந்தச் சிலிண்டரை நிறுத்தினால் தட்டல் இறங்குகிறதோ அங்கேதான் நோய். மூன்றாவதைத் தளர்த்தியதும் தட்டல் பாதியாக இறங்கியது. அந்தச் சிலிண்டரின் பிஸ்டனைத் தாங்குகிற தண்டின் அடி பெயரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இந்த நிலையில் ஒரு மெக்கானிக் சொல்ல வேண்டியது ஒன்றுதான், வண்டியை எடுக்காதீர்கள் என்று.

"மண்ணெண்ணெய்த் தட்டல் நானா" என்றேன். "இப்ப ஊருல எல்லா வண்டியும் இப்படித்தான் தட்டுது. நல்ல டீசல் வந்தா அடங்கிரும்."

இதில் பாதி உண்மை. ரோட்டு மறியலும் வேலைநிறுத்தமுமாக டீசல் வராமல் போன மாதங்கள் அவை. கிடைத்த டீசலில் மண்ணெண்ணெயைக் கலந்து எல்லோரும் ஓட்டினார்கள். எவ்வளவு கலக்கலாம் என்று பலருக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். அந்தக் கலவையில் எந்த டீசல் எஞ்சினும் தட்டும். தள்ளி நின்று கேட்டால் எனக்கே வித்தியாசம் பிடிபடாது. ஆனால் அந்தப் புதன்கிழமை லொறிக்கு அடியிலிருந்து நான் கேட்டது அப்படிப்பட்ட தட்டல் அல்ல, இதே இரும்புத் தட்டல்தான்.

ஜமால்தீன் அல்ஹம்துலில்லாஹ் என்றார். "வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு எல்கடுவ போகணும். ஒரு புள்ளத்தாச்சிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரணும். நடு ரோட்டுல நின்டுட்டா அந்தப் புள்ள பாவம்."

இன்னும் ஏதோ சொல்ல வருகிறவர் போல என்னைப் பார்த்தார். யார் என்று நான் கேட்கவில்லை. எல்கடுவயில் எத்தனையோ லயங்கள், எத்தனையோ பெண்கள்.

எஞ்சின் எண்ணெய் கறுத்துப்போயிருக்கிறது, மாற்றித் தருகிறேன் என்றேன். நீங்கதான் மனுசன் என்று சொல்லிவிட்டு அவர் தேத்தண்ணி குடிக்கப் போனார். பழைய எண்ணெயை இறக்கிவிட்டுப் புதியதை ஊற்றினேன். அதோடு மண்ணெண்ணெயும் ஊற்றினேன். எண்ணெய் நீர்த்துப்போனால் பெயரிங்கில் தங்காது. மெதுவாக ஓட்டினால் கொஞ்சத் தூரம் தாங்கும். மலையிலிருந்து இறங்கும்போது, சிறிய கியரில் எஞ்சின் வேகமாகச் சுற்றினால் தாங்காது.

அவர் புறப்படும்போது எல்லாரிடமும் சொல்வதைத்தான் அவரிடமும் சொன்னேன். "எறக்கத்துல பிரேக்க நம்பாதீங்க நானா. ரெண்டாம் கியர்ல விட்டு, எஞ்சின்ல புடிச்சு எறக்குங்க."

வெள்ளிக்கிழமை தூறல் இருந்தது. எல்கடுவயிலிருந்து இறங்கும்போது மூன்றாவது தண்டு உடைந்து எஞ்சினைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. எஞ்சின் இறுகியது, அதோடு பின்பக்கச் சில்லுகளும் சுற்றாமல் இறுகின. ஈர ரோட்டில் கார் வழுக்கி, ஒரு வளைவில் கீழே போய்விட்டது. ஜமால்தீன் அந்த இடத்திலேயே முடிந்தார். பின் ஆசனத்தில் இருந்தவள் புஷ்பவதி. அவளும் பிழைக்கவில்லை. பக்கத்தில் இருந்த பாப்பம்மாவைக் கார் தேயிலைச் செடிகளுக்குள் வீசிவிட்டது. அவள் கை முறிந்து பிழைத்தாள்.

குடும்பத்தில் மூத்தவன் என்பதால் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாப்பம்மா அழவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"வழிநெடுக சொல்லிக்கிட்டே வந்தாருங்க. பயப்படாதீங்க, மாரிமுத்து சொன்ன மாதிரியே ரெண்டாம் கியர்லதான் எறக்குறேன்னு."

நான் தலையாட்டினேன். அவள் இன்னொன்றும் சொன்னாள். என் தம்பியைத் தேடி ஜமால்தீன் முகாம் வாசலுக்குப் பல தடவை போனாராம். சிங்களம் நன்றாகப் பேசுவார் என்று அவள்தான் அவரைக் கேட்டுக்கொண்டாளாம்.

"ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. நல்ல சேதி கெடச்சா நானே சொல்றேன், இல்லாட்டி அவரு ஒடஞ்சு போயிருவாருன்னாரு."

இதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். அவர் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். அப்படியான காலத்தில் ஒரு மனிதன் இப்படி ஒரு காரியத்தை மறைத்துக்கொண்டு திரிந்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? புஷ்பவதிக்கு வண்டி தேவையென்றால் அதையும் என்னிடம்தான் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். நான் அந்நியன் இல்லையே.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வேன் எஞ்சினை அணைக்காமல் நின்றது. அது தட்டிக்கொண்டிருந்தது. நான் நின்று கேட்கவில்லை, வேகமாக நடந்தேன்.

அழகையா திரும்பி வரவில்லை. அவனுடைய பிள்ளை பிறக்கவில்லை. அந்தக் காரை விழுத்தியது நான்தான். பெயரிங் போனது தெரிந்து மறைத்தேன், எண்ணெயைக் கெடுத்தேன், எப்படி இறக்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தேன். இதுவரை யாரும் என்னைக் கேட்காததால் சொல்லவில்லை, மறைக்க வேண்டும் என்பதற்காக அல்ல.

இப்போதும் வருஷத்துக்கு ஒரு தடவை எல்கடுவ பஸ்ஸில் ஏறிப் போய்வருகிறேன். அந்த வளைவில் பஸ் வேகத்தைக் குறைக்கும். அங்கே இடுப்பளவு உயரத்தில் ஒரு சுவர் இருந்திருந்தால் கார் அதிலே முட்டி நின்றிருக்கும், வயிற்றுப்பிள்ளையையும் சேர்த்து மூன்று பேரும் பிழைத்திருப்பார்கள். ரோட்டு வேலைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன். தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். இத்தனை உயிர் போன இடத்தைப் பற்றி ஒருவருக்கும் அக்கறை இல்லை. இன்றைக்கும் அந்த வளைவில் சுவர் கிடையாது.