அறுந்த பொத்தானுக்குத் திறந்த கதவுகள்

பூட்டிய கதவுகளின் முன் பொறுமையோடு நின்றவரே! புழுதிச் சாலையிலும் புன்னகையைத் தொலைக்காதவரே! சீருடைக்குள் சிடுசிடுப்பை வைக்காமல் சீராட்டும் நெஞ்சை வைத்திருந்த எங்கள் உதவி ஆய்வாளர் அவர்களே! பணி நிறைவு பெறும் இந்நாளில் நிலையத்தார் அனைவரின் நிறைந்த வணக்கம்.

முப்பத்து நான்கு ஆண்டுப் பணியில் கடைசிப் பத்தாண்டுகள் நீங்கள் பார்த்தது யாரும் கேட்டு வாங்காத வேலை. வயற்காட்டு நடுவே தனியாகக் கிடக்கும் முதியவர், அடிபட்டதை வெளியே சொல்லாத மனைவி, மனம் சோர்ந்து வாசலையே மறந்தவர் என ஒவ்வொருவரையும் தேடிப் போய், மருத்துவமனையோடும் நலத்துறையோடும் சேர்த்து வைக்கும் வேலை. விலங்கு மாட்டிய கைகளைவிட விரல் பிடித்து அழைத்துப் போன கைகளே உங்கள் கணக்கில் அதிகம்.

ஆனால் உங்கள் சட்டைப் பாக்கெட்டின் பொத்தான் மட்டும் ஏன் நிற்பதே இல்லை என்பது எங்களுக்கு நெடுநாள் விளங்கவில்லை. காலையில் இருக்கும், மாலையில் காணாது. பாவம், தைக்க நேரமில்லை போலிருக்கிறது என்று உருகிப்போன நம் இளைய காவலர், ஒருநாள் உங்கள் சீருடைகளை வாங்கிப் போய் எல்லாப் பொத்தான்களையும் தூண்டில் நரம்பால் தைத்துக் கொண்டுவந்தார். "இனிமே யானை இழுத்தாலும் வராது மேடம்" என்றார். "நல்லா இருப்பே" என்றீர்கள், வாடிய முகத்தோடு.

அந்த வாரம்தான் ஊரில் துணி தைத்துக் கொடுத்துவந்த தையல்காரம்மாவின் மகள் நிலையத்துக்குப் போன் செய்தாள். அதற்கு முன் பலமுறை எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிக்கும் முன்பே வைத்திருந்தாள். அப்பா இறந்த பிறகு அம்மா வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. தையல் மிஷின்மேல் போர்வை விழுந்தது விழுந்ததுதான். பள்ளியிலும் மளிகைக் கடையிலும், அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்கு வறண்டிருந்தது. போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு உங்களிடம் கிசுகிசுத்தாள்.

"மேடம், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அம்மா சரியா சாப்பிடறதே இல்ல. ஜீப்ல வந்து கூட்டிட்டுப் போயிட்டீங்கன்னா நான் எங்க போவேன்?"

"ஜீப்பே எனக்குப் பிடிக்காதுடா. இடுப்பு வலிக்கும்" என்றீர்கள்.

மறுநாள் தண்ணீர்த் தொட்டி அருகே பைக்கை நிறுத்திவிட்டு நடந்து வந்தீர்கள். ஜன்னல் இடுக்கில் நின்ற அந்த மகள்தான் முதலில் பார்த்தாள். பக்கத்து வேலிக்குப் பின்னால் ஒரு காவல் அதிகாரி தன் பொத்தானைத் தானே பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். இழுக்க இழுக்க நரம்பு விடவில்லை. கடைசியில் டர்ரென்று பாக்கெட்டே கையோடு வந்துவிட்டது.

அப்போதுதான் எங்கள் மண்டைக்கு எட்டாதது அவளுக்கு எட்டியது: உதவி செய்ய வந்தேன் என்று சொன்னால் திறக்காத கதவு, ஓர் உதவி வேண்டும் என்று கேட்டால் திறக்கும்.

கிழிந்த பாக்கெட்டை ஏந்தியபடி வாசலில் நின்றீர்கள். "தையல் வீடுன்னு சொன்னாங்க. மீட்டிங்குக்கு இப்படியே போனா மானம் போயிடும்மா."

அம்மா ஜன்னல் இடுக்கு வழியாக அந்தப் பாக்கெட்டை எட்டிப் பார்த்தாள். பிறகு, பல மாதங்களாக அந்த வீடு கேட்காத ஒரு சிரிப்பு. "யாருங்க இதைத் தைச்சது? மீன் பிடிக்கவா போறீங்க?"

தாழ்ப்பாள் விலகியது. போர்வையும் விலகியது.

சில நாட்கள் கழித்து ஒரு செவிலியரை அழைத்து வந்தீர்கள். அன்று பொத்தான் கதை சொல்லவில்லை. "இவங்க நர்ஸ். உங்களைப் பார்க்கத்தான் வந்திருக்காங்க. வேண்டாம்னா இப்பவே திரும்பிடறோம்" என்றீர்கள். "வந்தது வந்துட்டீங்க, உட்காருங்க" என்றாள் தையல்காரம்மா. மருத்துவர், மருந்து, மகளின் படிப்புக்கு நலத்துறை உதவி எல்லாம் அந்த ஒரு நாற்காலியில் தொடங்கின. தாயையும் மகளையும் யாரும் பிரிக்கவில்லை.

உங்கள் ஓய்வுச் செய்தி வந்தபோது ஊரெல்லாம் வாழ்த்த, அந்த மகள் மட்டும் வீட்டுத் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதும் அம்மாவுக்குச் சில நாட்கள் இருண்டுபோகும், தாழ்ப்பாள் விழும். அந்த நாளில் உங்கள் குரலுக்குத் திறக்கும் கதவு, வேறு குரலுக்குத் திறக்குமா?

சென்ற வாரம் அப்படி ஒரு நாள் வந்தது. உங்கள் பொறுப்பை ஏற்கப்போகும் அதே இளைய காவலரைத் தனியாக அனுப்பினீர்கள். உள்ளே அந்த மகள் ஜன்னல் இடுக்கில் நின்று பார்த்தாள். வெளியே அவர் பொத்தானைத் தொட்டார், விட்டார், மறுபடி தொட்டார். பிய்க்க மனம் வரவில்லை.

"அக்கா, நான்தான் அந்தத் தூண்டில் நரம்பு ஆளு" என்றார் தயங்கித் தயங்கி. "மேடம் மாதிரி எனக்குப் பிய்க்க வரல."

கதவு திறந்தது. தலை சீவாமல், கண்கள் வீங்கி, கையில் ஊசி நூலோடு தையல்காரம்மா நின்றாள்.

"சட்டையக் கழட்ட வேணாம், அப்படியே நில்லுங்க. இத்தனை நாள் உங்க மேடம் பொத்தான பிய்ச்சுட்டு வந்தது எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க?" அவருடைய பொத்தானை வெட்டி எடுத்து, தளர்ந்த இரண்டே இழையில் மறுபடி தைத்தாள். "ரெண்டு இழைதான் போட்டிருக்கேன். அடுத்த வீட்டு வாசல்ல லேசா இழுத்தா வந்துடும். அறுந்ததும் நேரா இங்க வாங்க."

எனவே, அம்மையீர், நிம்மதியாகச் செல்லுங்கள். நீங்கள் தட்டிய கதவுகள் இனியும் தட்டப்படும், திறக்கவும் திறக்கும். இடுப்பு வலி நீங்கி, உடல்நலம் ஓங்கி, உறவும் நட்பும் சூழ நீங்கள் நீடு வாழ்க! இன்று உங்களுக்கு அணிவித்திருக்கும் புதிய சட்டையைத் தைத்தவர் முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். அதன் பொத்தான்கள் மட்டும் அறவே அறாதபடி தைத்திருப்பதாகச் சொல்லச் சொன்னார்.

என்றும் உங்கள் அன்பில்,
நிலையத்தார் அனைவரும்,
அவர்கள் கேட்டுக்கொண்டபடி இம்மடலை எழுதிய தையல்காரம்மாவின் மகளும்.