எங்கள் குடும்பத்தில் பிணம் அசையாது

நாடகம் என்றால் பாத்திரங்களை முதலில் அறிமுகம் செய்வதுதான் முறை. ஆகவே அன்று மாலை யார் எங்கே இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேடை நடுவில் அரசனாக நான். எனக்கு எதிரே, துரோகியாக, என் தம்பி. இடப்பக்கம், அரசியாக, அவன் மனைவி. வாசலோரம் ஈட்டி பிடித்த காவலனாக என் மகன். பக்கத்திரைக்குப் பின்னால், வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுக்க, என் தங்கை. திரைக் கயிற்றைப் பிடித்தபடி அவள் கணவர், எங்கள் மாப்பிள்ளை. வெளியாள் ஒருவரும் இல்லை. எதையும் குடும்பத்துக்குள்ளேயே முடித்துக்கொள்வது எங்கள் வழக்கம்.

அரங்கு நிறைந்த கூட்டமும் இருந்தது. அவர்களை நான் சாட்சிகளாகக் கருதவில்லை. அவர்கள் சிரிக்க வந்தவர்கள். நீங்களும் போன மாதம் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து சிரித்தீர்கள், ஐயா. அதை நான் மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். தேநீருக்கு நன்றி. சர்க்கரைதான் கொஞ்சம் அதிகம்.

நாடகம் எங்கள் கொள்ளுத்தாத்தா எழுதியது. வேறு எதையும் எங்கள் குடும்பம் மேடை ஏற்றியதில்லை. கதை சின்னது. அரசனின் தம்பி எதிரிக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிடுகிறான். எதிரியை விரட்டிய பிறகு அரசன், ஒன்றும் அறியாதவன்போல, தம்பியை விருந்துக்கு அழைத்துத் தன் கையாலேயே விஷம் ஊற்றிக் கொடுக்கிறான். தம்பி விழுகிறான். அரசன் அந்த உடலின் முன் நின்று புலம்பி, கடைசியில் தன்னையும் குத்திக்கொண்டு சாய்கிறான். திரை. எங்கள் அப்பா புலம்பும் காலத்தில், டிக்கெட் கிழிக்கிறவர் வெளியே போய் அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே வருவார்.

எங்களுக்கென்று சில கட்டுப்பாடுகள் உண்டு. மூத்தவன்தான் அரசன், அடுத்தவன்தான் துரோகி. திறமை பார்த்து வேஷம் கொடுத்தால் குடும்பம் உடைந்துவிடும் என்பார் அப்பா. விஷக் கிண்ணம் வெறும் கிண்ணமாக இருக்கக் கூடாது. மேடையிலேயே கூஜாவிலிருந்து திராட்சைச் சாறு ஊற்ற வேண்டும். குடிக்கிறவன் சொட்டு விடாமல் குடித்து, கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, செத்தவன் திரை விழும்வரை அசையக் கூடாது. எங்கள் சித்தப்பா பிணமாகக் கிடந்தபோது ஒரு முறை மேலேயிருந்து விளக்கு கழன்று அவர் கால்மேல் விழுந்தது. விரல் முறிந்தது. அவர் இமைகூட அசையவில்லை. திரை விழுந்த பிறகுதான் "அம்மா" என்றார்.

அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவன், ஐயா, தும்மினான்.

நான் புலம்பலின் உச்சத்தில் இருந்தேன். "என் குருதியே, உன்னை நான் எங்கே தேடுவேன்" என்ற இடம். காலடியிலிருந்து பதில் வந்ததுபோல ஒரு தும்மல். அரங்கம் ஒரு கணம் திகைத்தது. பிறகு கூரை இடிந்து விழுவதுபோலச் சிரித்தது. ஒப்பனை அறையில் அவனிடம் கேட்டேன்.

"அது தானா வந்த தும்மல், அண்ணே."

"பிணத்துக்குத் தும்மல் வராது."

"பிணத்துக்கு வராது. எனக்கு வருமில்ல?"

யானைக்கும் அடி சறுக்கும் என்று மன்னித்தேன். மறுநாளும் சறுக்கியது. அதே இடத்தில், அதே தும்மல். அடுத்த வாரம் பிணம் ஒற்றைக் கண்ணைத் திறந்து நான் முடித்துவிட்டேனா என்று பார்த்தது. அதற்கடுத்த வாரம் கொட்டாவி விட்டது. பிறகு ஒரு நாள் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, நாக்கால் உதட்டைத் துடைத்துக்கொண்டு, "விஷம் இனிப்பா இருக்குண்ணே, இன்னொரு கிண்ணம் ஊத்துங்க" என்றான். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. நான் ஊற்றினேன். ஊற்றாவிட்டால் அவன் செத்திருக்க மாட்டான்; நாடகம் நகர்ந்திருக்காது. அன்றிலிருந்து இரண்டாம் கிண்ணம் நாடகத்தில் ஓர் அங்கமாகிவிட்டது. கொள்ளுத்தாத்தா எழுதாத கிண்ணம்.

அரங்கு நிறையத் தொடங்கியது. வாசலில் புதிய விளம்பரப் பலகை வைத்தார்கள். "குடும்பத்தோடு வந்து வயிறு குலுங்கச் சிரியுங்கள்" என்று எழுதி, கீழே என் படம். கண்ணீரோடு வாய் பிளந்து நிற்கும் படம். கடைத்தெருவில் போனால், முன்பின் தெரியாதவர்கள் என்னைப் பார்த்தவுடன் தும்மிக் காட்டினார்கள்.

வீட்டில் பேச்செடுத்தேன். "அப்பா, ஜனங்க சிரிச்சுட்டுப் போறாங்க, அதுல என்ன கௌரவக் குறைச்சல்?" என்றான் என் மகன். "பழைய மாதிரி பாதிப் பேர் தூங்கினப்போ மட்டும் கௌரவமா இருந்துச்சாண்ணே?" என்றாள் தங்கை. தம்பி மனைவி என்னை ஆறுதல்படுத்துவதாக நினைத்து, "நீங்க புலம்பப் புலம்பத்தான் மாமா சிரிப்பே வருது. நீங்க இல்லாம அவர் மட்டும் என்ன பண்ணிட முடியும்?" என்றாள். நல்ல பெண். மனத்தில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள்.

இதுவரை நடந்ததை நான் துரோகம் என்று சொல்லவில்லை. மரியாதைக் குறைவு, அவ்வளவுதான். துரோகம் அன்று மதியம்தான் எனக்குத் தெரிந்தது. மாப்பிள்ளையிடம் ஒரு ரகசியத்தைக் கொடுப்பதும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதும் ஒன்று. கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர், சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு என்னை அருகில் கூப்பிட்டார்.

"மச்சான், நான் சொன்னேன்னு வெளிய வரக் கூடாது. நாளையிலருந்து உங்க புலம்பல் கிடையாது."

"கிடையாதுன்னா?"

"எடுத்தாச்சு. பிணம் எழுந்து உட்கார்ந்து பாடுது. நீங்க பக்கத்துல நின்னு தாளம் போடுறீங்க. அரங்கத்து முதலாளிகிட்டப் பேசி முடிச்சாச்சு."

"யாரு பேசினது?"

"உங்க தம்பிதான். ஆனா எல்லாரும் கலந்து பேசித்தான் முடிவு பண்ணோம்."

"எல்லாரும்னா?"

"உங்களத் தவிர எல்லாரும், மச்சான்."

பிறகு, மறுபடி கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே, "தாளம் சுலபமானதுதான்" என்றார்.

நாலு தலைமுறையாக நின்ற கோட்டை. கதவை உள்ளே இருந்தவனே திறந்துவிட்டான். குலத்தைக் கெடுக்க வந்த கோடாரிக் காம்பு என்று அரசன் முதல் காட்சியிலேயே சொல்கிறான். அந்த வரியை ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். பொருள் அன்றுதான் விளங்கியது.

நான் கோபக்காரன் இல்லை. இதை என் குடும்பத்தாரே சொல்வார்கள். சத்தம் போடவில்லை, எதையும் உடைக்கவில்லை. என் விருப்பம் ஒன்றுதான். கடைசியாக ஒரு முறை, அசையாத பிணத்துக்கு முன்னால் நின்று புலம்ப வேண்டும். நியாயமான ஆசை என்றே இன்றும் நினைக்கிறேன். எனக்கு எழுதிக் கொடுத்திருந்த தூக்க மாத்திரைகளைப் பொடித்தேன். ஆம் ஐயா, கலந்தது நான்தான். வேறு யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம்.

தம்பிக்கு மூச்சுக் கோளாறு இருந்தது எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். இந்த வகை மாத்திரையைத் தொடவே கூடாது என்று மருத்துவர் அவனிடம் சொன்னபோது பக்கத்து நாற்காலியில் இருந்தவன் நான். அண்ணன் என்ற முறையில் துணைக்குப் போயிருந்தேன்.

கிண்ணத்தில் கலக்காமல் ஏன் கூஜாவில் கலந்தீர்கள் என்றும் கேட்டீர்கள். கிண்ணத்தில் கலந்தால் ஒரு கிண்ணம்தான் கலக்க முடியும்.

நாடகம் தொடங்குவதற்கு முன் அவன் என் அறைக்கு வந்தான். எனக்குத் தாடி ஒட்டுவது எப்போதும் அவன்தான். மற்றவர்கள் ஒட்டினால் கோணலாகிவிடும். ஒட்டிக்கொண்டே, "அண்ணே, என்மேல கோவமா?" என்றான்.

"இல்லை."

"உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். நாளைக்குச் சொல்றேன். இன்னிக்கு நீங்க மனசாரப் புலம்புங்க. நான் தும்ம மாட்டேன், கொட்டாவி விட மாட்டேன். சித்தப்பா மாதிரி கிடப்பேன். சத்தியமா."

"சரி" என்றேன்.

கூஜா அப்போது மேசைமேல்தான் இருந்தது. எடுத்துக் கொட்டியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பது உங்கள் முகத்தில் தெரிகிறது. ஐயா, சத்தியம் செய்தவன் யார் என்று பாருங்கள். கோட்டைக் கதவைத் திறந்தவனும் முதல் காட்சியில் சத்தியம் செய்கிறான். அந்தச் சத்தியத்தை நம்பிய அரசனுக்கு என்ன ஆயிற்று என்பது எங்கள் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். தாடி மட்டும் நன்றாக ஒட்டியிருந்தது.

விருந்துக் காட்சி வந்தது. ஊற்றினேன். குடித்தான். முகம் லேசாகச் சுளித்தது. நல்ல நடிகன், சமாளித்துக்கொண்டான். கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினான். அதோடு நிறுத்திவிடத்தான் நினைத்தான். கூட்டம் விடவில்லை. "இன்னொரு கிண்ணம், இன்னொரு கிண்ணம்" என்று கால்களைத் தரையில் தட்டியது. அவன் எனக்கு மட்டும் கேட்கும்படி, "ஒண்ணே ஒண்ணு ஊத்துங்கண்ணே, ஜனங்க கேக்குறாங்க. அப்புறம் பேசாமக் கிடக்கிறேன்" என்றான். அனுமதி கேட்டான், ஐயா. பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவன் என்னிடம் அனுமதி கேட்டான். விருந்தாளி வாய்விட்டுக் கேட்டதை இல்லை என்று சொல்லும் குடும்பம் எங்களுடையது அல்ல. விளிம்புவரை ஊற்றினேன்.

எங்கள் கொள்ளுத்தாத்தாவின் விஷம் மெதுவாக வேலை செய்வது. குடித்த பிறகு துரோகி தன் குற்றத்தை நெடுநேரம் பேசி ஒப்புக்கொள்வான். அன்று அவன் பேசப் பேச நாக்கு குழறியது. எவ்வளவு இயல்பாகச் செய்கிறான் என்று முன்வரிசையில் ஒருவர் பாராட்டியது என் காதில் விழுந்தது. பிறகு விழுந்தான். வழக்கமாகக் கையை ஊன்றிப் பதமாக விழுவான். அன்று மூட்டை விழுவதுபோல விழுந்தான்.

நான் புலம்பலைத் தொடங்கினேன். நாலாவது வரியில் குறட்டை வந்தது.

நான் அதை எதிர்பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தும்மலையும் கொட்டாவியையும் தடுக்க வழி செய்தவன், குறட்டையை யோசிக்கவில்லை. ஈயப் பாத்திரத்தைத் தரையில் இழுப்பதுபோன்ற குறட்டை. கூட்டம் உருண்டு புரண்டது. "இது புதுசு" என்று யாரோ கத்தினார். என் மகன் ஈட்டிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினான். அரசி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். நான் நிறுத்தவில்லை. குறட்டைக்கு மேலே குரலை உயர்த்தினேன். கொஞ்ச நேரத்தில் அது விட்டு விட்டு வந்தது. பிறகு மெலிந்தது. பிறகு நின்றுவிட்டது.

அதன் பிறகு அவன் அசையவே இல்லை. கூட்டம் காத்திருந்தது. தும்முவான், எழுவான் என்று கொஞ்ச நேரம் பார்த்தது. அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். மெல்ல மெல்ல அரங்கம் அடங்கியது. அந்த அமைதியை நான் அப்பா காலத்துக்குப் பிறகு கேட்டதே இல்லை. யாரோ ஒரு பெண் விசும்பினாள். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

பக்கத்திரையிலிருந்து தங்கை கிசுகிசுத்தாள்.

"அண்ணே, அவன் உதட்டைப் பாருங்க. நீலமா இருக்கு."

அது வசனத்தில் இல்லாத வரி.

"அண்ணே, மூச்சு இல்லண்ணே. நிறுத்துங்க."

அவன் முகம் அவளுக்குத் தெரியாதபடி நான் கொஞ்சம் நகர்ந்து நின்றேன். அரசனின் மேலங்கி அகலமானது. மாப்பிள்ளை கயிற்றைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முறை திரையை முன்னதாக இறக்கிவிட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். நான் தலையசைத்திருந்தால் இறக்கியிருப்பார். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அன்று இரண்டும் ஆடவில்லை. நான் கத்தியை நெஞ்சில் வைத்துச் சாய்ந்த பிறகுதான் திரை விழுந்தது. அவன் பக்கத்திலேயே கிடந்தேன். வெளியே கைத்தட்டல் ஓயவில்லை.

அவன் மனைவி ஓடி வந்து தோளைத் தட்டினாள். "எழுந்திருங்க, எப்படித் தட்டுறாங்க பாருங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மறுபடியும் தட்டினாள். மற்றதை அவளிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நான் அப்போது வணங்குவதற்காகத் திரைக்கு முன்னால் போய்விட்டேன்.

அவன் வாழ்நாளில் செய்த மிகச் சிறந்த பிணம் அதுதான். அண்ணன் என்ற முறையில் எனக்குப் பெருமைதான். அவன் பெயர் இனி தும்மலோடு சேர்த்துப் பேசப்படாது. அதற்கு நான் செய்ததும் ஒரு காரணம்.

ஊரில் பலவாறாகப் பேசிக்கொள்கிறார்கள். பொறாமை என்கிறார்கள், கிறுக்கு என்கிறார்கள். அவற்றுக்கெல்லாம் நான் பதில் சொல்லப்போவதில்லை. ஒன்றை மட்டும் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். தம்பியின் நிலையைக் கண்டு மனம் பதறி, புலம்பலை நான் பாதியில் சுருக்கி முடித்துக்கொண்டதாக ஒரு வதந்தி உலவுகிறது. அது உண்மை இல்லை. நான் ஒரு வரியையும் விடவில்லை. கடைசி அடிகளை, கூட்டம் கேட்டதால், இரண்டு முறை சொன்னேன்.