மூன்றாவது சில்வண்டு

— கதவைத் தள்ளாதீங்க, சுடலைக்கண்ணு அண்ணாச்சி. திருவனந்தபுரத்து மழையில பலகை ஊதியிருக்கு. வெளிய நிக்கற பியூன் ஷிஜு போயி ஆசாரியக் கூட்டிட்டு வரட்டும், அதுவரை நாம உள்ளதான்.

— நான் எங்க தள்ளுதேன், லிபி மக்ளே? சாஞ்சு நிக்கேன். இந்தக் காலேஜு பூச்சி ரூம்ல முப்பது வருசமா அதுதான் நம்ம வேலை.

— மூணு மணிக்கு கமிட்டி. என் கைடு சார் முன்னால நான் பேசணும்.

— சில்வண்டுல மூணு இனம்னு சொல்லு. முடிஞ்சுது.

— ரெண்டுதான்னா? ஒண்ணு பொன்முடி மலையில, ஒண்ணு போணக்காட்டு மலையில. மூணாவதுக்கு சார் தன் வைஃப் பேரு வச்சாரு. அதுக்கு இந்த ஒத்தப் பூச்சிதான் சாட்சி. நாலு மழைக்காலம் தேடிட்டேன், இன்னொண்ணு இல்ல.

— அதுக்குக் கூச்சம். மத்தது அப்படியில்ல. வித்துரா ரோட்டுல அதுக கத்துன கத்துக்கு டிரைவரு பிரேக்கு போயிட்டுன்னு பஸ்ஸ நிறுத்தி, எல்லாரையும் இறக்கிவிட்டு, தனியா தள்ளினான். மூணு கிலோமீட்டரு. மேட்டுல.

— விளையாடாதீங்க. சார் கையெழுத்துப் போடலைன்னா எனக்கு டாக்டர் பட்டம் இல்ல. மைக்ராஸ்கோப்புல பாருங்க. தலையும் சிறகும் பொன்முடி. வயிறு போணக்காடு. ஆண்பூச்சியோட வயித்து நுனிய வச்சுத்தானே இனம் பிரிக்கறோம்? நடுவுல பளபளன்னு ஒரு கோடு.

— அந்தக் கோடு ஆரியசாலைக் கடையில வாங்கின பசையாக்கும். லேசுல விடாது.

— அண்ணாச்சி!

— சார் பேரு வச்ச வருசம் பூச்சிப் பெட்டியில பொடிவண்டு விழுந்துட்டு. ஒண்ணுல வயித்தத் தின்னுட்டு, ஒண்ணுல தலையத் தின்னுட்டு. ஒடஞ்சத ஒட்டி வைக்கது நம்ம பாடுதானே. மிச்சத்தச் சேத்தேன். நல்ல லெட்சணமா வந்துது.

— ஐயோ! பின்னே, சார் தெரியாமத்தான் ஏமாந்திருக்காரு, அல்லே?

— கோவமா?

— இல்ல, உயிரு வந்துது! அவரு பொய் சொன்னாருன்னு நான் எப்படிச் சொல்லுவேன்னு ஒரு மாசமா உறங்கல. இது வெறும் கைப்பிசகு. சொன்னா ஒத்துக்கிடுவாரு. கேளுங்க, கதவு அசையுது! ஷிஜு, நல்லாத் தள்ளு! திறந்துட்டு, அண்ணாச்சி! நான் இப்பமே சார்கிட்டச் சொல்றேன்.

— ஒரு நிமிசம் நில்லு மக்ளே. எந்தத் தலைக்கு எந்த வயிறுன்னு பக்கத்துல நின்னு கைகாட்டினது சாருதான்.