ஆடி மாதத்து விரிப்புகள்

ஓவேலிப் பக்கம் ஆடி மாத மழையில் துணி காயாது. ஐயா கோயமுத்தூரிலிருந்து விசாரிக்க வந்தவர். அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இன்று துவைத்த விரிப்பு நாளை மறுநாளும் ஈரமாகவே கிடக்கும். அடுப்புக்கு மேல் கொடி கட்டிப் போட்டால் புகை நாற்றம்தான் ஏறும்.

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். பிள்ளைகள் வார்டு என் பொறுப்பு. சிலோனிலிருந்து கப்பலில் திரும்பி வந்த சனங்களைப் புதிய லயத்து வீடுகளில் குடிவைத்தார்கள். குடிப்பதற்கும் கழுவுவதற்கும் ஒரே ஓடை. வாந்திபேதி வந்ததில் ஆச்சரியமில்லை. கட்டில்கள் நிரம்பி, தரையிலும் பாய் போட்டோம்.

எனக்கு அருவருப்பு அதிகம். மறைக்க என்ன இருக்கிறது? கஞ்சித்தண்ணீர் போன்ற அந்தக் கழிவு, அதன் மீன் வாடை, கட்டிலிலிருந்து அது சொட்டும் சத்தம். சோற்றில் கை வைத்தால் அதே வாடை. லீவு கேட்டேன், கிடைக்கவில்லை.

டாக்டர் கூடலூரிலிருந்து வியாழக்கிழமை மட்டும் வருவார். கொதித்து ஆறிய நீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து, விடாமல் கரண்டி கரண்டியாகக் கொடுக்கச் சொல்லியிருந்தார். கொடுத்தோம். கொடுத்ததெல்லாம் விரிப்புக்கு வந்தது. உள்ளே போனால்தானே வெளியே வரும்? செவ்வாய்க்கிழமை காலையில் தண்ணீர்ப் பானையைக் கவிழ்த்து வைத்தேன்.

தாய்மாரை உள்ளே விடவில்லை. அதற்கு நான் சிரமப்படவும் இல்லை. சிலோன் தோட்டங்களில் வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் போவார்களாம். வாசலோடு சரி, உள்ளே நடப்பதைக் கேட்கிற வழக்கம் இல்லை. இதுவும் பிள்ளைக்காம்பரா மாதிரிதான் என்றேன். தலையாட்டிவிட்டுக் கொழுந்தெடுக்கப் போனார்கள்.

பொன்னாயி என்பவள் மட்டும் மத்தியானம் திரும்பி வந்தாள். அவள் மகன் வடிவேலுக்கு நாலு வயது.

"மிஸ்ஸி, தேத்தண்ணி கொண்டாந்திருக்கேன். சீனி போட்டிருக்கு. மகன் இத விட்டா வேற ஒண்ணும் குடிக்க மாட்டான். குடுத்திருவீங்க தானே?"

"குடுத்தர்றேன், நீ போ" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன். ஆறாமல் இருக்கப் போத்தலைச் சேலையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். அதைப் பின்பக்கம் டேலியாச் செடிக்கு ஊற்றினேன். போத்தலைக் கழுவித் திருப்பிக் கொடுத்தபோது அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"முழுசும் குடிச்சிட்டானா மிஸ்ஸி?"

மறுநாளும் கொண்டுவந்தாள்.

ஆயா ராமாத்தாள்தான் தொந்தரவு செய்தாள். "ஏனுங்க சிஸ்டர், புள்ளைக நாக்கு ஒட்டிக் கெடக்குதுங்க. ஒரு கரண்டி ஊத்தட்டுங்களா?" என்று பின்னாலேயே வந்தாள். அவளைத் துணி துவைக்க அனுப்பிவிட்டேன்.

தண்ணீர் கொடுத்தால் பிழைப்பார்கள் என்று தெரியாதா என்கிறீர்கள். தெரியும். கிளார்க் சின்னராஜின் மகளும் அதே நோயோடு பக்கத்து அறையில் கிடந்தாள். அவளுக்கு நானே பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியால் கொடுத்தேன். வாந்தி வருமுன்பே பேசின் பாத்திரம் கேட்கிற பெண். பிழைத்துக்கொண்டாள். வளர்ப்பு அப்படி.

மற்றவர்களுக்கு நான் கொடுக்கவில்லை. வேறு யார்மேலும் பழி வேண்டாம். புதன்கிழமை மத்தியானம் வரை தண்ணி தண்ணி என்று முனகினார்கள். பிறகு வார்டு அமைதியாகிவிட்டது. தேறி வருகிறார்கள் என்றே நினைத்தேன்.

வியாழக்கிழமை டாக்டர் ஒவ்வொரு கட்டிலாகக் குனிந்து, இமையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே போனார். வடிவேலின் கட்டிலுக்கு வந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாசலில் பொன்னாயி போத்தலோடு நின்றிருந்தாள்.

"மிஸ்ஸி, ஆறிப்போறதுக்குள்ள குடுத்திருங்க" என்றாள்.

படித்தவர், அத்தனை பேர் முன்னால் டாக்டர் அழுதது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் ஒன்றைக் கவனிக்கவே இல்லை. நீங்களாவது எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. ஆடி மாதத்தில், அந்த மழையில், அன்று என் வார்டில் ஒரு விரிப்புகூட நனைந்திருக்கவில்லை.