நாலு மணிக்கு வலது பக்கம்

மதியம் ஒன்றே முக்கால். தெருவில் ஈ காக்கை இல்லை. கடைகள் ஷட்டரை இறக்கியிருந்தன. தார் இளகிக் கிடந்த அந்தத் தெருவின் கடைசி வீட்டுக்கு, வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு, ஒருத்தி தனியாக நடந்து போகிறாள்...

சிரிக்காதீர்கள். பேய்க் கதை என்றால் நடுராத்திரியில்தான் தொடங்க வேண்டுமா? இது பட்டப்பகலில் நடந்தது. அதனால்தான் எனக்குக் கூடுதல் பயம். விளக்கைப் போடாதே, இருக்கட்டும். நீ கொஞ்சம் தள்ளி உட்கார். விட்டால் என் மடியிலேயே ஏறிவிடுவாய் போலிருக்கிறது.

நடந்து போனவள் என் அக்காவின் நாத்தனார். அப்போது நம்மைப் போலவே நர்சிங் இரண்டாம் ஆண்டு. விடுதியில் அவளுக்கு ‘முதல் மார்க்’ என்று பெயர். உதவியாளர் வேலைக்கு முதலில் எங்கே சேர்வது என்று நாம் சாயங்காலத்திலிருந்து மண்டையை உடைத்துக்கொள்கிறோமே... அவளுக்கும் இதே குழப்பம்தான். ஒரு பக்கம் பெரிய ஆஸ்பத்திரியின் பொது வார்டு. முப்பது கட்டில், உட்கார நாற்காலி கிடையாது. இன்னொரு பக்கம் இந்த வீடு. ஒரே நோயாளி, இரண்டிலிருந்து எட்டு வரை. ஆகாரம் கொடுப்பது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைப்பது, அதைச் சார்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது. மீதி நேரம் படிக்கலாம். “உனக்கு மச்சம்டி” என்றார்களாம் எல்லோரும். வீட்டையே எடுத்தாள்.

நோயாளி முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பேசிப் பேசியே குடும்பத்தைக் காப்பாற்றியவர். டெலிபோன் அம்மா என்றே வைத்துக்கொள்வோம். இப்போது கை கால் விழுந்து, பேச்சும் போய், கண் மட்டும் அசையும். மகளுக்கு மதியம் கிளம்பி ராத்திரி எட்டு மணிக்குத் திரும்புகிற வேலை. காலையில் அவளே பார்த்துக்கொள்வாள். இரவுக்கு வேறு ஒரு அக்கா வருவாள். படிக்காதவள், ஆனால் பொறுப்பானவள்.

முதல் மூன்று வாரம் நம் ஆள் ஒழுங்காகத்தான் செய்தாள். தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை. அடியில் விரித்த ரப்பர் விரிப்பு சரசரவென்று சத்தம் போடும். அப்புறம் பரீட்சை வந்தது. ஒரு நாள் நாலு மணியை மறந்துவிட்டாள். சார்ட்டில் மட்டும் எழுதினாள். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் ஆறு மணியை விட்டாள். அடுத்த வாரத்திலிருந்து... வந்ததும் வராததுமாக, இரண்டு மணிக்கே, எட்டு மணி வரைக்கும் எழுதி முடித்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். இரண்டு, மல்லாந்து. நாலு, வலது. ஆறு, இடது. எட்டு, மல்லாந்து. டெலிபோன் அம்மாவின் கண் அவளையே பார்க்கும். நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. எங்கள் வீட்டு மனுஷி.

மகள் தினமும் எட்டு மணிக்கு வந்ததும் சார்ட்டைப் பார்ப்பாள். “உங்கள மாதிரி ஒரு பொண்ணு கிடைக்க நாங்க குடுத்து வச்சிருக்கணும்மா” என்பாள். ராத்திரி அக்கா மட்டும் இரண்டு தடவை, “முதுகு செவந்திருக்கும்மா” என்று சொல்லிப் பார்த்தாள். “வேர்க்குருங்க, பவுடர் போட்டா போயிரும்” என்றாள் முதல் மார்க். படித்தவள் சொன்னால் கேட்க மாட்டார்களா? கேட்டார்கள். பவுடர் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை வந்தது... ஜாடித் தண்ணீரில் பூத்தண்டு அழுகினால் வருமே, அது.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸம்மா வந்து டெலிபோன் அம்மாவை ஒருக்களிக்க வைத்துப் பார்த்தார். படுக்கைப் புண். மேலே சின்னதாகத் தெரிந்தது, உள்ளே ஆழமாகப் போயிருந்தது. சார்ட்டை வாங்கினார். பகல் கட்டங்கள் அத்தனையும் அச்சடித்த மாதிரி இருந்தன. இரவில் இரண்டு கட்டம் காலி.

“ராத்திரி பாத்துக்கறது யாரு?” அவ்வளவுதான் கேட்டார்.

“கண்ணு அசந்த ரெண்டு வாட்டியும் எழுதாம விட்டேம்மா. மத்தபடி திருப்பாம இருந்ததில்லம்மா” என்று அந்த அக்கா அழுதாள். முதல் மார்க் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கே அந்த அக்காவை நிறுத்திவிட்டார்கள். டெலிபோன் அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தார்.

அதற்கப்புறம் பத்து நாள் பயந்து பயந்து திருப்பினாள். கடைசிப் பரீட்சைக்கு முந்தின நாள் மறுபடி பழைய குணம். இரண்டு மணிக்கே எல்லாவற்றையும் எழுதிவிட்டுச் சன்னலோரம் உட்கார்ந்தாள். மூன்றே கால் இருக்கும். அறையில் ஏதோ ஒரு சத்தம் குறைந்த மாதிரி... மூச்சு. எழுந்து போய்ப் பார்த்தாள். டெலிபோன் அம்மா மல்லாந்தபடியே போய்விட்டிருந்தார். கண் திறந்திருந்தது.

உடனே மகளைக் கூப்பிட்டாளா? இல்லை. சார்ட்டைத்தான் எடுத்தாள். செத்தவரை நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் திருப்பியதாக அவள் கையெழுத்து. நாலாக மடித்துப் பைக்குள் திணித்தாள். அப்புறம்தான் வெளியே வந்து போன் செய்தாள். மறுபடி உள்ளே போகத் தைரியம் வரவில்லை. மூடிய கதவுக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே மின்விசிறி டக்... டக்... டக்... பிறகு, சரசரவென்று ஒரு சத்தம். ஒரே ஒரு தரம். கூடத்துக் கடிகாரத்தில் மணி நாலு.

மகள் வந்து சேர்ந்ததும் இரண்டு பேரும் ஒன்றாக உள்ளே போனார்கள். டெலிபோன் அம்மா வலது பக்கமாக ஒருக்களித்துக் கிடந்தார். முழங்கால்களுக்கு நடுவில் தலையணை. முதுகுக்கு முட்டாக இன்னொன்று. விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை.

“கடைசி நிமிஷம் வரைக்கும் திருப்பி விட்டிருக்கீங்களேம்மா...” மகள் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆறு மணி ஆவதற்குள் முதல் மார்க் அந்த வீட்டைவிட்டு ஓடிவந்துவிட்டாள்.

அன்று இரவு விடுதியில்... தூக்கத்தில் ஒரு கை தோளில். ஒரு கை இடுப்பில். அவளை மெல்ல இடது பக்கம் திருப்பின. மணி பன்னிரண்டு. இரண்டுக்கு மறுபடி. நாலுக்கு மறுபடி. வெறும் பஞ்சு மெத்தைதான், ஆனால் ஒவ்வொரு தடவையும் ரப்பர் விரிப்பின் சத்தம். பக்கத்துக் கட்டில்காரி ஓர் இரவு விழித்திருந்து பார்த்தாள். ஆள் யாரும் இல்லை. இவள் உடம்பு மட்டும் வளையாமல், தோளும் இடுப்பும் ஒன்றாக, தானாகப் புரண்டது. விடிந்ததும் அந்தக் கட்டில்காரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டாள்.

முரட்டுக் கை இல்லையாம். பக்குவமான கை. போர்வையைக்கூட இழுத்து விட்டுப் போகுமாம். “அடிச்சிருந்தா தேவலாம் அண்ணி” என்று என் அக்காவிடம் சொல்லும்போது சுவரைப் பார்த்துத்தான் சொன்னாளாம்.

பதினோரு இரவு. பன்னிரண்டாம் நாள் மகள் அவளைக் கூப்பிட்டு அனுப்பினாள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனாள். மகள் ஓர் உறையை நீட்டினாள். அனுபவச் சான்றிதழ். மிகவும் பொறுப்பானவர் என்று எழுதியிருந்தது.

“அந்த ராத்திரி பொம்பளையப் பத்தி இன்னொரு வீட்ல விசாரிச்சாங்கம்மா. சேக்காதீங்கன்னு சொல்லிட்டேன். எங்கம்மாவ அவதானே கொன்னா... நான் சொன்னது சரிதானே?”

முதல் மார்க் உறையைப் பார்த்தாள். மகள் முகத்தைப் பார்த்தாள்.

“ஆமாங்க” என்றாள்.

அன்று இரவு அந்தக் கைகள் வரவில்லை. பன்னிரண்டு... இரண்டு... விழித்துக்கொண்டு காத்திருந்தாள். யாரும் தொடவில்லை. அப்பாடா என்று மல்லாந்து படுத்து நன்றாகத் தூங்கிவிட்டாள்.

காலையில் குளிக்கும்போது வால் எலும்பின் மேல் எரிந்தது. கண்ணாடியில் திரும்பிப் பார்த்தாள். பொட்டு அளவுக்கு ஒரு சிவப்பு. நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களே... விரலால் அழுத்தினால் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது. நாள் பூரா ஓடியாடுகிற இருபது வயசுப் பெண். அழுத்திப் பார்த்தாள்.

வெளுக்கவில்லை.

அந்த ராத்திரி அக்காவைத் தேடிப் போய் உண்மையைச் சொன்னாளா என்றுதானே கேட்கிறாய்? நானும் அதைத்தான் கேட்டேன். என் அக்கா பேச்சை மாற்றிவிட்டாள். ஏழு வருஷமாக அந்தப் புண்ணுக்கு என் அக்காதான் கட்டு மாற்றுகிறாள். நாத்தனார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அலாரம் வைத்து எழுந்து, தானே புரண்டு படுக்கிறாளாம். ஒரு வேளைகூடத் தவறியதில்லை. இன்னும் ஆறவில்லை.