பச்சையடிக்கும் முகம்

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது" என்றார் கணவர். தாம்பரத்தில் கிளம்பிய மின்சார ரயிலில், என் எதிர் இருக்கைத் தம்பதி ஓர் இளம்பெண்ணின் ஒரே கறுப்பு வெள்ளைப் படத்தின் இரண்டு பிரிண்டுகளை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தார்கள்.

"கலர் இங்க்ல அடிச்சதுல பொண்ணு முகம் பச்சையடிக்குதுங்க. கறுப்பும் சாம்பலும் மட்டும் போட்டதுதான் சுத்தமா இருக்கு."

"எனக்குப் பச்சையும் சிவப்பும் பிரிச்சுத் தெரியாது. நம்ம போட்டோ ஸ்டுடியோவுக்கு வர்றவங்ககிட்ட சொன்னதில்ல. உன்கிட்டயும்தான்."

சானடோரியம் ஸ்டேஷனில் ரயில் நின்றபோது அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்போ நம்ம கல்யாணப் புடவை?"

"எல்லாரும் அரக்குன்னாங்க. நானும் அரக்குன்னேன்."

அவள் சிரித்துவிட்டாள். பிரிண்டுகளைத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

"சாம்பல் இங்க்கே வாங்குங்க. கலர்ல அடிக்கிறப்ப மட்டும் என்னக் கூப்பிடுங்க, நான் பார்த்துச் சொல்றேன்."